ஓட்ஸ் விசுக்கோத்தும் உடல் நலமும்

குடும்பத்தில் மூத்தவர் ஒருவருக்கு இரத்தத்தில் கொலஸ்திரோல் மிகுந்திருப்பதாக வைத்தியர் கூறுகிறார். உணவிற் கொழுப்பைக் குறைத்து, நாள்தோறும் ஓட்ஸ் உண்டு வருமாறும் அறிவுரை சொல்லி அனுப்புகிறார். வீட்டார் மறுநாட் காலையே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றனர். மூன்றாம் நாள் பெரியவருக்கு அந்தக் கஞ்சி கசந்து விடுகிறது. அவர் முகம் சுளிப்பதைக் காணப் பொறாத மகள், ஓட்ஸும் முந்திரிகை வற்றலும் சேர்த்து விசுக்கோத்துச் சுட்டு, தகரப்பேணி ஒன்றில் நிரப்பி, அவருடைய சாய்மனைக் கதிரைக்கு அருகில் வைத்து விடுகிறாள். காலைத் தேநீருடன் மூன்று, மாலைத் தேநீருடன் மூன்று, இடையிற் கை நீண்டபோதெல்லாம் ஒன்று என்று பேணி வெறுமையாகிறது. "ஓட்ஸ்தானே, உடம்புக்கு நல்லது" என்று அவரும் மகிழ்கிறார், வீட்டாரும் மகிழ்கின்றனர்.

இத்தகைய காட்சி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மகளுடைய அன்பிற் குறை காண யாராலும் இயலாது. ஆயினும், அந்தப் பேணியில் இருப்பது மருந்தா, பலகாரமா என்ற வினாவுக்கு விடை காண வேண்டியது அவசியமாகிறது. ஓட்ஸின் நற்குணம் விசுக்கோத்தில் எவ்வளவு தங்குகிறது, அதனோடு கூடி வேறு எவையெவை வயிற்றினுட் செல்கின்றன, வீட்டிற் சுடுபவர் எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தாற் பண்டம் கெடும் என்பவற்றை அறிந்தவரே இவ்வினாவுக்கு விடை கூற வல்லவர்.

ஓட்ஸ் என்பது குளிரும் மழையும் மிகுந்த நாடுகளில் விளையும் தானியம். கோதுமையும் வாற்கோதுமையும் பயிரிட்ட ஆதி உழவர்களின் வயல்களில் அது முதலிற் களையாகவே முளைத்தது என்பர். கோதுமை செழிக்காத வடபுலங்களில் அந்தக் களையே பயிராக மதிப்புப் பெற்றது. ஸ்கொத்லாந்தின் மலைநாட்டு மக்களுக்குப் பல நூற்றாண்டுகள் அதுவே நாளாந்த உணவாயிருந்தது. 1755 ஆம் ஆண்டிற் சாமுவேல் ஜோன்சன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் தாம் வெளியிட்ட அகராதியில் ஓட்ஸுக்குப் பொருள் எழுதுகையில், இங்கிலாந்திற் குதிரைக்குக் கொடுக்கும் தானியம் ஸ்கொத்லாந்தில் மனிதரைத் தாங்குகிறது என்னும் கருத்துப்பட எழுதி, அயலாரைச் சற்றே கேலி செய்தார். அன்று குதிரையின் தீனியென இகழப்பட்ட தானியத்தை இன்று இருதய வைத்தியர்கள் புகழ்ந்துரைக்கின்றனர்.

ஸ்கொத்லாந்து மக்கள் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சினர். அதன் மாவைச் சிறிது கொழுப்பும் உப்பும் நீரும் சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, இரும்புத் தட்டிற் சுட்டு ரொட்டியாகவும் உண்டனர். ஓட்ஸ் விசுக்கோத்தின் முன்னோடி எனத்தக்க இந்த ரொட்டியிற் சீனி இல்லை. வயலுக்கும் மலைக்கும் செல்வோர் பசி தீர்க்கும் உணவாகவே அது பயன்பட்டது. அதைத் தின்பண்டமென்று எவரும் கருதவில்லை.

ஓட்ஸ் தின்பண்டமாக மாறிய வரலாறு ஐக்கிய அமெரிக்காவைச் சார்ந்தது. அங்கே விசுக்கோத்துக்குக் குக்கி என்று பெயர். நியூயோர்க் நகரம் ஒல்லாந்தர் குடியேற்றமாயிருந்த காலத்தில், சிறிய கேக் என்னும் பொருளுடைய அவர்தம் மொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. இலங்கையிற் சித்திரைப் புத்தாண்டுக் காலத்திற் சிங்கள மக்கள் சுடும் கொக்கிஸ் என்னும் பலகாரத்தின் பெயரும் அதே ஒல்லாந்தச் சொல்லிற் பிறந்ததென்பர்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பேர்டினன்ட் சூமாக்கர் என்பவர், ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் 1850களில் ஓட்ஸ் அரைக்கும் தொழிலைத் தொடங்கினார். பின்னர், உமி நீக்கிய தானியத்தை நீராவியில் வேகவைத்து உருளைகளுக்கு இடையே நசுக்கித் தட்டையாக்கும் முறை பரவியது. கடைகளில் இன்று கிடைக்கும் ஓட்ஸ் அவல் இவ்வாறு உருவானதே. மற்றத் தானியங்களைக் காட்டிலும் ஓட்ஸிற் கொழுப்பு அதிகம். அதனுள் இருக்கும் நொதிப்பொருள் அக்கொழுப்பை விரைவிற் கசக்கச் செய்யும். வெப்பமும் ஆவியும் அந்த நொதிப்பொருளைச் செயலிழக்கச் செய்வதனாலேயே ஓட்ஸ் மாதக்கணக்கிற் கெடாமல் இருக்கிறது. ஓட்ஸை அவலாக்கும்போது தவிடும் முளையும் நீக்கப்படுவதில்லை. வெள்ளைக் கோதுமை மா தவிட்டையும் முளையையும் இழந்தது. ஓட்ஸ் அவலோ முழுத்தானியமாகவே பெட்டிக்குள் வந்து சேர்கிறது.

ஓட்ஸ் குக்கியின் செய்முறை அச்சேறிய முற்கால நூல்களுள் ஃபானி ஃபார்மர் அம்மையார் 1896 இல் வெளியிட்ட பொஸ்டன் சமையற் பள்ளி நூல் பெயர் பெற்றது. இளமையில் வாத நோயாற் படிப்பை இழந்த அவ்வம்மையார், "ஒரு கைப்பிடி", "சிறிதளவு" என்று சொல்லி வந்த சமையலுக்கு அளவுக் கோப்பையையும், மட்டம் தட்டிய கரண்டியையும் நியதியாக்கினார். 1904 இல் நோயாளருக்கும் நோய் தேறுவோருக்கும் ஏற்ற உணவைப் பற்றி வேறொரு நூலும் எழுதினார். அதில் நீரிழிவு நோயினருக்கென ஓர் அதிகாரம் உண்டு. இன்சுலின் மருந்து 1921 இற் கண்டறியப்படுவதற்கு முன்னர், நீரிழிவு நோயினரின் உயிரைச் சில காலமேனும் தாங்கி நின்றது உணவுக் கட்டுப்பாடே. அளவறிந்து சமைப்பது சுவைக்கு மட்டுமன்றி உயிருக்கும் காவலாகும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

இனி, ஓட்ஸின் நற்குணம் யாதெனக் காண்போர் பீற்றா குளுக்கன் என்னும் நார்ப்பொருளை முதலில் அறிதல் வேண்டும். நார்ப்பொருள் இரு வகைப்படும். ஒன்று நீரிற் கரையாதது. மற்றது நீரிற் கரைந்து கூழாவது. பீற்றா குளுக்கன் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஓட்ஸ் கஞ்சியிற் காணும் வழுவழுப்பு அதனால் உண்டாவதே. பெரியவருக்கு வெறுப்பூட்டிய அந்த வழுவழுப்பே ஓட்ஸின் மருந்துக்குணம் என்பது அறியத்தக்கது.

அது உடலிற் செயற்படும் விதம் பின்வருமாறு. கொழுப்பைச் சமிக்கச் செய்வதற்காக ஈரல் பித்தத்தைச் சுரக்கிறது. பித்தத்திலுள்ள அமிலங்களை ஈரல் கொலஸ்திரோலிலிருந்தே ஆக்குகிறது. வேலை முடிந்த பித்த அமிலங்களிற் பெரும்பகுதி குடலில் மீண்டும் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குத் திரும்பும். குடலிற் பீற்றா குளுக்கன் கூழாகப் படர்ந்திருக்கும்போது, அவ்வமிலங்களில் ஒரு பங்கு அக்கூழிற் சிக்கி மலத்துடன் வெளியேறுகிறது. இழந்ததை ஈடுசெய்ய ஈரல் புதிதாகப் பித்தம் ஆக்க வேண்டியதாகிறது. அதற்கு வேண்டிய கொலஸ்திரோலை அது இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதனால் இரத்தக் கொலஸ்திரோல் தாழ்கிறது. அன்றியும், அக்கூழ் உணவிலுள்ள குளுக்கோசு இரத்தத்திற் சேரும் வேகத்தையும் தணிக்கிறது.

1963 ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் டி குறூட் என்பவரும் அவர்தம் தோழர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஆடவர் சிலருக்கு நாள்தோறும் 140 கிராம் ஓட்ஸ் கலந்த பாண் மூன்று வாரம் கொடுக்கப்பட்டது. அவர்தம் இரத்தக் கொலஸ்திரோல் ஏறத்தாழ நூற்றுக்கு 11 பங்கு தாழ்ந்தது. இச்சோதனையிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. போறணையின் வெப்பம் ஓட்ஸின் குணத்தை அழித்துவிடுவதில்லை என்பது ஒன்று. பலன் கிட்டுவதற்கு ஓட்ஸ் கணிசமான அளவில் வயிற்றினுட் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. பிற்கால ஆய்வுகளை நோக்கிய ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், நாளொன்றுக்கு ஓட்ஸிலிருந்து 3 கிராம் கரையும் நார்ப்பொருள் பெறுவது இருதய நோயின் அபாயத்தைக் குறைக்கலாம் என்னும் வாசகத்தை உணவுப் பெட்டிகளிற் பொறிக்க 1997 இல் அனுமதி வழங்கியது. அந்த 3 கிராமால் தீமை செய்யும் கொலஸ்திரோல் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை தாழ்கிறது. இது நன்மையே. எனினும், வைத்தியர் தந்த மருந்துக்குப் பதிலாகத்தக்க நன்மை அன்று.

ஓட்ஸில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு பீற்றா குளுக்கன் உண்டு. எனவே 3 கிராம் பெறுவதற்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் உண்ண வேண்டும். இந்த எண்ணை நினைவில் இருத்திக்கொண்டு விசுக்கோத்துப் பேணியைத் திறந்து பார்த்தல் நலம்.

அமெரிக்க வீடுகளில் வழங்கும் பொதுவான செய்முறையில் ஓட்ஸ் 240 கிராம், கோதுமை மா 190 கிராம், முந்திரிகை வற்றல் 150 கிராம், வெண்ணெய் 225 கிராம், இரு வகைச் சீனியும் சேர்ந்து 300 கிராம், முட்டை இரண்டு என்னும் அளவுகள் காணப்படும். இவற்றால் நான்கு டசின், அதாவது 48 விசுக்கோத்துக்கள் ஆகும். வகுத்துப் பார்த்தால், ஒரு விசுக்கோத்தில் ஓட்ஸ் 5 கிராம். சீனி 6 கிராமுக்குச் சற்று மேல். வெண்ணெய் 5 கிராமுக்குச் சற்றுக் கீழ். ஓட்ஸின் பெயரைத் தாங்கிய பண்டத்தில் ஓட்ஸைவிடச் சீனி மிகுந்திருக்கிறது!

75 கிராம் ஓட்ஸை இவ்வழியிற் பெற விரும்பும் ஒருவர் நாளொன்றுக்கு 15 விசுக்கோத்துக்கள் தின்ன வேண்டும். அவற்றோடு ஏறக்குறைய 94 கிராம் சீனியும் 70 கிராம் வெண்ணெயும் உட்செல்லும். 94 கிராம் சீனி என்பது இருபதுக்கு மேற்பட்ட தேக்கரண்டிகள். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவர், உணவிற் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்றும், அதனினும் பாதியாக்கினால் மேலும் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வகுத்தது. வெண்ணெயின் எடையிற் பாதி நிரம்பிய கொழுப்பு. இரத்தக் கொலஸ்திரோலை உயர்த்துவது அக்கொழுப்பே. ஆகவே ஓட்ஸ் ஒரு கையாற் குறைப்பதை வெண்ணெய் மறு கையாற் கூட்டுகிறது.

அவ்வாறாயின் அந்தப் பண்டத்தையே கைவிட வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. அதைத் திருத்தி அமைக்கலாம். ஆனால் விசுக்கோத்துக்குட் சேரும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்காகவே சேர்கிறது. அத்தொழிலை அறியாது குறைப்பவருக்குக் கல்லோ களியோதான் மிஞ்சும்.

சீனியின் தொழில் இனிப்பூட்டுவது மாத்திரமன்று. அது ஈரத்தைப் பிடித்து வைத்து விசுக்கோத்தை மென்மையாக்குகிறது. போறணையில் உருகிக் கலவையைத் தட்டையாகப் பரவச் செய்கிறது. மேற்புறம் பொன்னிறமாவதும் பெரிதும் அதனாலேயே. சீனியை மூன்றிலொரு பங்கு குறைத்தாற் பெரும்பாலோர் வேறுபாட்டை உணரார். பாதியாகக் குறைத்தாற் கலவை தானாகப் பரவாது. அப்போது கரண்டியின் பின்புறத்தாலோ நனைத்த விரல்களாலோ தட்டையாக்கிவிட வேண்டும். முற்றாக நீக்கினால் வறண்ட மாக்கட்டியே கிடைக்கும்.

சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி, பனங்கட்டி, தேன் ஆகியவற்றைச் சேர்த்தாற் குற்றமில்லை என்று கருதுவோர் பலர். அவற்றின் மணமும் சுவையும் சிறந்தனவே. சிறிதளவு தாதுப்பொருள்களும் அவற்றில் உண்டு. ஆனால் கருப்பட்டியிலும் பனங்கட்டியிலும் பெரும்பங்கு சீனியே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலே தேனும் பாணியும் சீனியோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. நீரிழிவு உள்ளவர் கருப்பட்டி என்ற பெயரை நம்பி அளவை மீறினால், பெயர் அவரைக் காவாது.

இனிப்பைக் குறைப்பவருக்கு உற்ற துணை முந்திரிகை வற்றலே. கலிபோர்னியாவின் பிரெஸ்னோப் பகுதியிற் கோடை முடிவிற் பறித்த விதையில்லா முந்திரிகைக் குலைகளைத் தாள்களிற் பரப்பி, இரண்டு மூன்று வாரம் வெயிலிற் காயவிடுவது நெடுங்கால வழக்கம். ஏறக்குறைய 4 கிலோ பழம் காய்ந்து 1 கிலோ வற்றலாகும். நீர் போகச் சீனி செறிந்து நிற்பதால் வற்றலின் எடையிற் பாதிக்கு மேல் இயற்கைச் சீனியே. அளவின்றிச் சேர்க்கத்தக்கது அன்று. எனினும் அச்சீனி நாரோடும் தோலோடும் கூடி வருவது. மேலும், மா முழுவதும் பரவாமல் அங்கங்கே ஒன்றுதிரண்டு நிற்பதால், இரண்டு கடிக்கொரு முறை நாவில் இனிப்புத் தட்டுகிறது. மா இனிப்புக் குறைந்ததென நா முறையிடுவதில்லை. வற்றலை வெந்நீரிற் கால் மணிநேரம் ஊறவிட்டு வடித்துச் சேர்த்தால் அது கருகாது. மாவின் ஈரத்தையும் உறிஞ்சாது.

வெண்ணெயின் தொழில் மாத் துகள்களைப் போர்த்து, மா இழுபடாமல் உதிரும் பதம் தருவது. அதில் ஒரு பங்குக்குப் பதிலாக நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். பழம் ஈரமும் மென்மையும் தரும். ஆனால் மொறுமொறுப்பைத் தராது. வெண்ணெய் முழுவதையும் நீக்கிப் பழமே சேர்த்தால் விசுக்கோத்து கேக்கின் தன்மையை அடையும். பாதியோடு நிறுத்துவதே பொருத்தம். தேங்காயெண்ணெயைச் சேர்ப்பவர், அதில் நிரம்பிய கொழுப்பு வெண்ணெயினும் மிகுதி என்பதை அறிதல் வேண்டும். மாஜரின் வாங்குவோர், ஓரளவு ஐதரசனேற்றிய எண்ணெய் கலந்திருக்கிறதா எனப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை வாசித்து, கலந்திருப்பின் அதைத் தவிர்க்க வேண்டும்.

வெள்ளைக் கோதுமை மாவுக்குப் பதிலாகத் தவிடு நீக்காத ஆட்டா மாவைச் சேர்ப்பது நன்று. தவிடு நீரை மிகுதியாகவும் மெதுவாகவும் உறிஞ்சும். ஆதலாற் கலவையை அரைமணி நேரம் மூடிவைத்துச் சுட வேண்டும். இல்லையேல் விசுக்கோத்து வாயிற் கரகரக்கும். ஓட்ஸிலும் தடித்த அவலே உகந்தது. உடனடிக் கஞ்சிக்கென மிக மெல்லிதாக நசுக்கிய ஓட்ஸ் கலவையிற் கரைந்து உருவிழந்துவிடும்.

இப்பண்டத்தில் இலங்கை மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. ஓட்ஸ் குக்கிக்கு மணம் ஊட்டுவது கறுவா. மேலை நாடுகளிற் கறுவா என்ற பெயரால் விற்கப்படுவதிற் பெரும்பகுதி கசியா என்னும் வேறொரு மரத்தின் தடித்த பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் மிகுதி. கூமரின் அளவு மீறினால் உணர்திறன் மிக்க சிலருக்கு ஈரலைத் தாக்கக்கூடும். 2006 இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், நத்தார்க் காலத்துக் கறுவா விசுக்கோத்துக்களைச் சிறுவர் மிகுதியாகத் தின்னலாகாது என எச்சரித்தது இக்காரணத்தாலேயே. இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில் உரித்துச் சுருட்டப்படும் மெல்லிய கறுவாவிற் கூமரின் மிகச் சிறிதளவே. நறுமணம் இனிப்பு மிகுந்தது போன்றதோர் உணர்வை ஊட்டுவதால், சீனி குறைத்த விசுக்கோத்திற் கறுவாவைச் சற்றுத் தாராளமாகச் சேர்ப்பது தக்கது.

இவையனைத்தையும் உளத்திற்கொண்டு அமைத்த செய்முறை ஒன்று இங்கே தரப்படுகின்றது. வீட்டுக் கோப்பைகள் பலவாறாக இருப்பதால் நிறுத்து எடுப்பதே முறை. ஓட்ஸ் அவல் 240 கிராம், ஆட்டா மா 130 கிராம், முந்திரிகை வற்றல் 150 கிராம், சிவப்புச் சீனி 150 கிராம், வெண்ணெய் 115 கிராம், நன்கு கனிந்து மசித்த வாழைப்பழம் 100 கிராம், முட்டை இரண்டு, கறுவாத்தூள் இரண்டு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி.

முதலில் வற்றலை வெந்நீரில் ஊறவிட வேண்டும். ஆட்டா மா, அப்பச்சோடா, கறுவாத்தூள், உப்பு ஆகியவற்றை ஒன்றாக அரித்து வைத்துக்கொள்க. அறைச் சூட்டில் இளகிய வெண்ணெயையும் சீனியையும் மரக்கரண்டியால் நிறம் வெளுக்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பின் வாழைப்பழத்தையும் வனிலாவையும் கலக்க வேண்டும். இந்நிலையிற் கலவை திரிந்தாற்போலத் தோன்றினும் அஞ்ச வேண்டியதில்லை. மா சேர்ந்ததும் ஒன்றுபடும். மாவைச் சேர்த்தபின் நெடுநேரம் அடித்தல் கூடாது. அடித்தால் மா இழுபட்டு விசுக்கோத்து இறுகும். இறுதியாக ஓட்ஸையும் வடித்துத் துடைத்த வற்றலையும் கலந்து, அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். சட்டியை வழித்து நக்கும் சிறுவரை அப்போது அருகில் விடாதிருப்பது நன்று. வேகாத முட்டையும் வேகாத மாவும் நோய்க்கிருமிகளுக்கு இடம் தருவன.

போறணையை 175 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, தட்டில் எண்ணெய்க் கடதாசி விரித்து, ஒரு மேசைக்கரண்டியளவு கலவையை இடைவெளி விட்டு வைத்து, ஒவ்வொன்றையும் தட்டையாக்க வேண்டும். இவ்வளவிற்கு 40 விசுக்கோத்துக்கள் வரும். பத்து முதற் பன்னிரண்டு நிமிடத்தில் ஓரங்கள் பொன்னிறமாகும். நடுப்பகுதி இன்னும் மென்மையாயிருக்கும்போதே தட்டை வெளியில் எடுத்துவிட வேண்டும். நடுப்பகுதியும் இறுகட்டும் என்று காத்திருப்போர் ஆறியபின் கல்லைக் கடிக்க நேரும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் அதன் சூட்டிலேயே மிகுதி வெந்து உறுதியாகும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத பேணியில் அடைத்தல் வேண்டும். ஈரக் காற்றுள்ள ஊர்களில் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே சுட்டு வைப்பது விவேகம்.

இவ்வாறு செய்த விசுக்கோத்து ஒன்றில் ஓட்ஸ் 6 கிராம். சீனி 4 கிராமுக்குச் சற்றுக் கீழ். வெண்ணெய் ஏறக்குறைய 3 கிராம். முன்னையதிற் சீனி ஓட்ஸை மிஞ்சியது. இதில் ஓட்ஸ் சீனியை மிஞ்சுகிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆயினும் கலோரிக் கணக்கோ நூறளவிலிருந்து எண்பத்தைந்தளவுக்கே இறங்கியுள்ளது. 75 கிராம் ஓட்ஸை இத்திருந்திய விசுக்கோத்தின் மூலம் பெற முனைபவரும் நாளொன்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் தின்ன வேண்டும். அப்போது ஏறக்குறைய 47 கிராம் சீனி உட்சென்று, நாளின் எல்லையைத் தனியாகவே நெருங்கிவிடும். ஆகவே விசுக்கோத்தை எவ்வளவு திருத்தினாலும் அது மருந்தாவதில்லை. திருந்திய பலகாரமாகவே நிற்கிறது.

இதனால் மனம் சோர வேண்டியதில்லை. 40 கிராம் ஓட்ஸில் காய்ச்சிய ஒரு கோப்பைக் கஞ்சி, நாளுக்கு வேண்டிய 3 கிராமிற் பாதியைச் சீனியின்றித் தந்துவிடும். அக்கஞ்சி கசக்கிறதென்றால் திருத்த வேண்டியது கஞ்சியையே. உப்பும் மிளகும் சீரகமும் சேர்த்தோ, மரக்கறிகளோடு கூட்டியோ, ஊறிய முந்திரிகை வற்றல் பத்தும் கறுவாத்தூள் சிறிதும் தூவியோ காய்ச்சினால், மூன்றாம் நாளும் அது கசக்காது. பாணும் ரொட்டியும் சுடுவோர் மாவில் ஒரு பங்கை ஓட்ஸாக்கலாம். நெதர்லாந்துச் சோதனையிற் பயன் தந்தது ஓட்ஸ் கலந்த பாண் என்பது மறக்கத்தக்கதன்று.

சாய்மனைக் கதிரைக்கு அருகிலுள்ள பேணியை அங்கிருந்து அகற்றி அடுக்களை அலுமாரிக்கு மாற்றுவது முதல் வேலை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை எண்ணித் தின்பவர் அரியர். காலையிற் கஞ்சி, மாலையிற் சீனியில்லாத் தேநீருடன் விசுக்கோத்து இரண்டு என்று வரையறுத்தால், அவ்விரண்டிலும் உள்ள சீனி இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவே. நீரிழிவும் உடையவராயின் அந்த இரண்டையும் வைத்தியரிடம் சொல்லி, நாளின் உணவுக் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓட்ஸ் என்ற பெயரால் மனத்தை ஆற்றிக்கொண்டு பேணியை வெறுமையாக்குவதினும், பலகாரத்தைப் பலகாரமென்றே அறிந்து, எண்ணி, சுவைத்து உண்பதில் இன்பமும் மிகுதி, நலமும் மிகுதி. மகள் தன் தந்தைக்குக் காட்டும் அன்பு விசுக்கோத்தைச் சுடுவதோடு முடிவதில்லை. இரண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுப் பேணியை மூடும்போதே அது நிறைவு பெறுகிறது.